பாடியிலிருந்து பழவேற்காட்டுக்கு

எழுபதுகளின் கடைசியில் பாடி, கொரட்டூர், வில்லிவாக்கம் பக்கம் வாலிபத்தைக் கழித்தவர்களுக்கு, கையில் சம்பளம் மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமை என்றால் மகாபலிபுரம், மிச்சமில்லாத ஞாயிற்றுக்கிழமை என்றால் பழவேற்காடு என்பது நினைவிருக்கும். ஆறு நாளும் ஆலைச் சங்குக்கு எழுந்து பழகிய உடம்பு ஏழாம் நாளும் அதே நேரத்துக்கு விழித்துக்கொள்ளும். திருவலிதாயம் கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு செங்குன்றம் பஸ்ஸில் தொற்றிக்கொள்வோம். செங்குன்றத்தில் ஒரு டீ, அங்கிருந்து பொன்னேரி, பொன்னேரியில் இறங்கி பழவேற்காட்டு வண்டி எப்போது வரும் என்று கேட்டால் "வரும்" என்ற ஒரே பதில். காத்திருந்த நேரத்தில் வேர்க்கடலை வாங்கித் தின்றபடி ஊர்க்கதை முழுக்கப் பேசி முடித்திருப்போம். ஏரிக் காற்று முகத்தில் படும்போது வெயில் ஏறியிருக்கும். போய்ச் சேரவே அரைநாள் ஆகிவிட்டதே, அதனால் பொழுது சாயும்வரை திரும்பவும் மனசு வராது.

இன்று பாடி மேம்பாலத்தில் ஏறி, புழல் தாண்டி நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் பழவேற்காடு. என் அக்கா பேரன் காரை ஓட்டிக்கொண்டு போய், டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு பக்கமும் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளோடு படம் எடுத்துக்கொண்டு, பகல் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட்டான். "பார்த்தாச்சு தாத்தா" என்றான். பார்த்ததுதான். ஆனால் அந்த ஊர் அரைநாள் காத்திருந்தவனிடம்தான் வாய் திறக்கும்.

அந்த வாசலுக்குப் பக்கத்தில், முள்ளும் புதரும் மண்டிக் கிடக்கும் மேட்டைக் கோட்டை என்று சொன்னால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை அது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. சுற்று வட்டாரத் தறிகளில் நெய்த துணி இங்கிருந்துதான் கப்பலேறிப் போய், கீழைத் தீவுகளில் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் கைமாறியது. அவர்களுக்கும் முன்னால் வந்த போர்ச்சுகீசியர் 1515இல் எழுப்பிய மகிமை மாதா கோயிலுக்கு இன்றும் கூட்டம் வருகிறது. பள்ளிவாசலில் நிழலைக் கொண்டு மணி சொல்லும் கடிகாரம் இருக்கிறது. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் விரல் உயரத்துச் சிற்பங்களாக ராமாயணக் கதை ஓடுகிறது. நாலடி நடைக்குள் இத்தனை காலம் குடியிருக்கும் ஊர் நம் பக்கத்தில் வேறு எது?

இங்கே கோட்டை கட்டிய இதே டச்சுக் கம்பெனி 1609இல் ஜப்பானின் ஹிராடோவில் கடை விரித்தது. 1641இல் நாகசாகி கரையோரம் விசிறி வடிவத்தில் கட்டியிருந்த தேஜிமா என்ற செயற்கைத் தீவுக்கு மாறியது. பிற்காலத்தில் சுற்றியிருந்த கடலைத் தூர்த்து நகரம் வளர்ந்ததில் தேஜிமா தீவாகவே இல்லாமல் போனது. நாகசாகிக்காரர்கள் விடவில்லை, பழைய வரைபடங்களைத் தேடியெடுத்து, கிட்டங்கிகளையும் வீடுகளையும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். போர்ச்சுகீசியர் விட்டுப்போன காஸ்டெல்லா என்ற முட்டைக் கேக்கை இன்றும் ஊர்ப் பலகாரமாக விற்கிறார்கள். நமக்கும் அதே போர்ச்சுகீசியர் ஒன்றை விட்டுப்போனார்கள்: மிளகாய். பழவேற்காட்டு நண்டுக் குழம்பு ஒன்று போதும், அந்தக் கணக்கு நேராகிவிடும்.

அந்தக் குழம்பைச் சொல்லாமல் பழவேற்காட்டைச் சொல்லி என்ன பயன்? கூட வேலை பார்த்த நண்பனின் அத்தை வீடு ஏரிக்கரைக் குப்பத்தில் இருந்தது. களிமண் வாடை போகாத சேற்று நண்டைக் கழுவி, கால்களை அம்மிக் குழவியால் லேசாக ஒரு தட்டுத் தட்டி, ஓடு விரிசல் விட்டதும் குழம்பில் போடுவார்கள். புளியும் மிளகாயும் அந்த விரிசல் வழியாகவே சதைக்குள் இறங்கும். "அவசரப்படாதீங்க தம்பி, சோறு ஆறட்டும், நண்டு எங்கேயும் ஓடிடாது" என்பார் அத்தை. பக்கத்துச் சேற்றில் இருளர் பெண்கள் பறியைப் பல்லில் கடித்தபடி, இரண்டு கையாலும் தண்ணீருக்கடியில் துழாவி இறால் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். ஏரியில் யார் எந்தத் துறையில் என்றைக்கு வலை போடுவது என்பதற்குப் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். சீட்டுப் போட்டு, முறை வைத்து, நல்ல துறை ஒரே ஆளிடம் போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டார்கள். ஆலையில் ஷிப்ட் முறைக்குச் சண்டை போட்ட எங்களுக்கு அது பெரிய ஆச்சரியம்.

சாப்பிட்டு முடித்தால் படகு. இடுப்பளவுத் தண்ணீரில் நீளக் கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போவார்கள். மார்கழி, தை மாதமென்றால் தூரத்தில் பூநாரைக் கூட்டம் தெரியும். 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. அந்தத் தடையைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. காப்புச் சட்டையும் கணக்கும் ஒழுங்குமாக அந்தப் படகுகளை நடத்தியிருந்தால் அந்த உயிர்களும் இருந்திருக்கும், படகும் இருந்திருக்கும் என்பதுதான் என் வருத்தம்.

கலங்கரை விளக்கத்துக் குப்பத்துக்குப் பாலம் வந்துவிட்டது; இரவில் பிரசவ வலி எடுத்தவளைப் படகில் ஏற்றிய குடும்பங்களுக்குத் தெரியும் அதன் அருமை. இன்னொரு பக்கம் முகத்துவாரம் தூர்ந்து, தெற்கே துறைமுகங்கள் பெருகி, இறால் வரத்து முன்போல் இல்லை என்கிறார்கள் வலைக்காரர்கள். பெரிய நண்டுகள் உயிரோடு கட்டப்பட்டு வெளிநாட்டுக்குப் போகின்றன.

ஆனாலும் ஊர் இருக்கிறது. பனையோலையில் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்கள் இருக்கிறார்கள். ஒரு பெட்டி வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். விடியற்காலையில் கரைக்குப் போனால் படகிலிருந்து இறங்கும் நண்டு இன்னும் கிடைக்கிறது. காரில் போகிறவர்களும் ஒரு நாள் முழுக்க ஒதுக்கிக்கொண்டு போங்கள். பெருமாள் கோயிலின் ராமாயணச் சிற்பங்களைக் குனிந்து பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும்.