பாரிக்குப் பதாகை தெரியாது

பறம்பு மலை ஆண்ட பாரிக்கு விளம்பர அறிவே கிடையாது. 300 ஊர் வைத்திருந்தும், முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு ஒரு படம்கூட எடுக்காமல் நடந்தே வீடு போனான். நெகிரி செம்பிலான் வள்ளல்கள் எவ்வளவோ தேவலை. தீபாவளி நெருங்கினால் ரந்தாவ், லாபு பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் அரிசிக்கு முன்னே பதாகை வந்து நிற்கும். ஐந்து கிலோ பை ஒன்று; அதைப் பிடிக்கும் கைகள் ஆறு. வாங்கும் பாட்டியின் முகத்தைப் பை மறைத்துவிடும், பரவாயில்லை, வள்ளல் தெரிந்தால் போதும். முல்லை இன்று தேர் கேட்டாலும் கிடைக்கும். அடையாளக் கார்டு நகல் இரண்டு, தொகுதி ஓட்டு ஒன்று, அவ்வளவுதான்.

“பால்மரம் வெட்டின காலத்திலேர்ந்து கேட்கிற வீடு என்னாச்சு, ஒய்பி?”

“கேமராவைப் பாருங்க, பாட்டி!”