தாம்பரம் பின்னிணைப்பு

பெறுநர்:
இந்திய சாலைக் காங்கிரஸ்,
காமகோடி மார்க், ஆர்.கே.புரம், புது தில்லி.

பொருள்: சாலைக் குறியீடுகள் – தடக்கோடு – ஜி.எஸ்.டி. சாலை, தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை – நடைமுறைக்கு ஏற்ற பின்னிணைப்பு சேர்க்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. ஐ.ஆர்.சி. 35, சாலைக் குறியீட்டு நெறிமுறை. 2. மோட்டார் வாகனங்கள் (ஓட்டுதல்) ஒழுங்குமுறைகள், 2017. 3. பெருங்களத்தூர், மாலை ஆறரை மணி.

ஐயா,

தடம் என்பது வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதற்காகச் சாலையில் கோடு போட்டுப் பிரித்த 3.5 மீட்டர் அகலப் பட்டை. 1934-ல் தொடங்கிய தங்கள் அமைப்பின் நூல்கள் தரும் இந்த இலக்கணத்தில் பிழை ஏதும் இல்லை. ‘ஒன்றன்பின் ஒன்றாக’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் தாம்பரம் தாண்டினால் பொருந்துவதில்லை. அந்தக் குறையை நீக்கவே இந்தப் பின்னிணைப்பு பணிவுடன் சமர்ப்பிக்கப்படுகிறது.

சாலைக்கு நடுக்கோடு போடும் வழக்கம் 1911-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வேய்ன் கவுண்டியில் தொடங்கியது. பால் வண்டியிலிருந்து ஒழுகிய பால் தரையில் வெள்ளைக் கோடாக நீண்டு கிடந்ததைப் பார்த்து, எட்வர்ட் ஹைன்ஸ் என்ற சாலை அதிகாரிக்கு இந்த யோசனை உதித்ததாகச் சொல்வார்கள். அன்று ஒழுகிய பால் இன்று ஜி.எஸ்.டி. சாலையில் உருக்கிப் பூசிய தெர்மோபிளாஸ்டிக்காகக் கிடக்கிறது. இரவில் மின்னுவதற்குக் கண்ணாடி மணிகளும் அதில் உண்டு. மின்னுவதில் குறைவில்லை. கார் ஓட்டுநர் அந்த மின்னும் கோட்டைத் தம் பானெட்டுக்கு நட்டநடுவில் பிடித்துக்கொண்டு, நூல் பிடித்தாற்போல் போகிறார். கோட்டுக்கு இரு பக்கமும் உள்ள தடங்களில் எது முதலில் நகருகிறதோ அது அவருடையது. அதுவரை இரண்டும் அவருடையவை. பேருந்தின் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கும் கலையின் நான்கு சக்கர வடிவம் இது.

அடுத்தது கணக்கு. சட்டம் அனுமதிக்கும் பேருந்தின் அதிகபட்ச அகலம் 2.6 மீட்டர். 3.5 மீட்டர் தடத்தில் அது போனபின் மிஞ்சுவது 90 சென்டிமீட்டர். இது பாதுகாப்பு இடைவெளி என்கிறது நூல். பைக் ஓட்டுநர் இதை ‘கேப்’ என்கிறார். ஹேண்டில்பாருக்கு அளவெடுத்து வைத்ததுபோல் இருப்பதால், அது தமக்கென விடப்பட்டது என்று அவர் நினைப்பதில் வியப்பில்லை. தங்கள் அமைப்பே 1990-ல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 106-ல், நகரச் சாலையில் ஓர் இருசக்கர வாகனத்தைப் பாதிக் கார் என்றும், அவை கூட்டமாக வந்தால் முக்கால் கார் என்றும் மதிப்பிட்டுள்ளது. பாதிக் காருக்குப் பாதித் தடம் போதும் என்ற முடிவுக்கு வர ஒருவர் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. படித்தவர்களும் ஏறக்குறைய அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். தடம் பார்க்காத இந்தியப் போக்குவரத்தை ஆராய்ந்த சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இடங்களின் பொறியாளர்கள், தடத்தை விட்டுவிட்டு, வண்டிகள் சாலைப் பரப்பில் எவ்வளவை அடைத்து நிற்கின்றன என்று அளக்கத் தொடங்கினார்கள். நின்ற வண்டிகளுக்கு இடையே பைக்குகள் முன்னேறுவதற்கு ஆய்வுலகம் வைத்த பெயர் ‘கசிவு’. பால் வண்டியில் தொடங்கிய வரலாறு மீண்டும் ஒழுகலுக்கே வந்துவிட்டது.

வண்டலூர்ப் பக்கம் சாலை எட்டு வழியாக அகலமானது. ஒரு திசைக்கு நான்கு தடங்கள். வலமிருந்து இடமாக அவற்றின் இயல்பு வருமாறு.

முதல் தடம் மீடியனை ஒட்டியது. நூலில் இது முந்துவதற்கு உரியது. வழக்கத்தில் கன்டெய்னர் லாரிக்கு உரியது. மறைமலை நகரில் ஏறிய லாரி நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இங்கே குடியேறிவிடுகிறது. ஹார்ன் அடித்தாலும் டிப்பர் போட்டாலும் சைடு கிடைக்காது.

இரண்டாம் தடம், லாரியை இடப்பக்கமாக முந்துவோருக்கு. முந்துவது பொதுவாக வலப்பக்கம் என்பது விதி. லாரிக்கு வலப்பக்கம் இருப்பது மீடியனும் அதில் வளர்க்கப்படும் அரளியும்தான்.

மூன்றாம் தடம் பேருந்து நிறுத்தம். நிழற்குடைக்கு எதிரே ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நிற்பதால், மாநகரப் பேருந்து ஒரு தடம் தள்ளி நிற்கிறது. பேருந்து அங்கே நிற்பதால் பயணிகள் நான்காம் தடத்தில் இறங்கிக் காத்திருக்கிறார்கள். பயணிகள் அங்கே இருப்பதால் ஷேர் ஆட்டோவும் அங்கேயே வருகிறது. இந்தச் சுழற்சிக்குத் தொடக்கப் புள்ளி கண்டுபிடிக்கப்படவில்லை.

நான்காம் தடத்தில் சாலையின் மற்ற எல்லாம் அடக்கம். மாலை ஆறரைக்கு முப்பது மீட்டர் நீளத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், முதலில் டாடா ஏஸில் வெங்காயக் குவியல். அதன்மேல் கட்டிய ஸ்பீக்கரில் பதிவு செய்த குரல் விலையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர் பைக்கில் உட்கார்ந்தபடியே வெங்காயம் பொறுக்குகிறார். அடுத்து இளநீர். அதையடுத்து, சாலை மட்டத்துக்கு ஒரு சாண் தாழ்ந்த வடிகால் மூடி, அதன்மேல் எச்சரிக்கைக்காக நட்ட மரக்கிளை. பிறகு சர்வீஸ் சாலை திடீரென்று முடிந்து, அதிலிருந்த வண்டிகள் அத்தனையும் ஏறும் இடம். இவ்வளவையும் ஒட்டி, எதிர்த்திசையில் ஹெட்லைட் எரிய ஒரு ஸ்கூட்டர்; முன்னால் பால் பாக்கெட் பை, பின்னால் பள்ளிச் சீருடையில் பிள்ளை.

முதல் தடத்து லாரி ஏன் இடப்பக்கம் ஒதுங்குவதில்லை என்பது இப்போது விளங்கும். இருபது சக்கரத்தோடு வெங்காயத்தின் மேல் ஒதுங்க முடியாது. லாரி வலம் போனதால் கார் இடம் வந்தது. கார் இடம் வந்ததால் பைக் கேப்புக்குள் போனது. தட ஒழுங்கு வலப்பக்கம் குலைவதாகத் தெரிந்தாலும் அதன் வேர் இடது ஓரத்தில் இருக்கிறது.

எதிரே வந்த ஸ்கூட்டருக்கும் தனித் தலைப்பு தேவை. வழக்கில் இது ‘ராங் ரூட்’. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவு, போக்குவரத்துத் திசைக்கு எதிராக ஓட்டுவதை அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்தது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஸ்கூட்டர்க்காரரின் கணக்கு வேறு: வீடு இருநூறு மீட்டரில், யூ-டர்ன் இரண்டு கிலோமீட்டரில். போய் வந்தால் நான்கு. குற்றம் குற்றமே. ஆனால் அந்தக் குற்றத்துக்கான வரைபடத்தைப் போட்டது ஸ்கூட்டர்க்காரர் இல்லை.

சைகைகளுக்கும் அகராதி வேண்டும். இண்டிகேட்டர், திரும்பி முடித்த பிறகு போடுவது. ஆட்டோவிலிருந்து நீளும் இடது கால், முறையான திசைகாட்டி. எரிந்துபோக பல்பு இல்லாததால் நம்பகமானது. முகப்பு விளக்கை இருமுறை மின்னவிட்டால் ‘நான் நிற்கப்போவதில்லை’ என்று பொருள். “வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?” என்பது தடம் மாறியவருக்கான வாய்மொழி அறிவிப்பு. ஆம்புலன்ஸ் சைரன் கேட்டால் கூட்டம் எப்படியோ பிளந்து வழி விடுகிறது. அது இந்தச் சாலையின் பெருமை. அந்த வழி மூடுமுன் ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு நான்கு கார்கள் போகின்றன. அது இந்தச் சாலையின் வழக்கம்.

பண்டிகை இரவுகளுக்கு இலக்கணம் தேவையில்லை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டப் பேருந்துகளின் புறப்பாடு ஊருக்கு வெளியே வந்தது. அவற்றைப் பிடிக்க வருவோரின் கார்களும் கால் டாக்சிகளும் அதே சாலையில்தான் வருகின்றன. தீபாவளிக்கு முந்தைய மாலையில் நான்கு தடத்தில் ஏழு வரிசை நிற்கும். அப்போது மட்டும் எல்லோரும் ஒன்றன்பின் ஒன்றாக இருப்பார்கள், நகர இடமில்லாததால்.

பகடி இத்துடன் நிற்க வேண்டிய இடமும் உண்டு. 2022-ல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

தட ஒழுங்கு குலைவதை ஓட்டுநரின் குணக்கேடு என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. கூடுவாஞ்சேரியில் கோட்டின்மேல் ஓட்டியவர் சிங்கப்பூரில் வேலைக்குப் போனால், பான் ஐலண்ட் விரைவுச்சாலையில் இடது தடத்தில் அடக்கமாகப் போகிறார். அபராத பயம் ஒரு காரணம். அங்கே இடது தடத்தில் இளநீர் வெட்டுவதில்லை என்பது இன்னொன்று.

ஆகவே, கீழ்க்கண்ட இரண்டில் ஒன்றைப் பின்னிணைப்பாக ஏற்குமாறு கோரப்படுகிறது. ஒன்று, தாம்பரத்துக்குத் தெற்கே கோடு போடுவதை நிறுத்திப் பெயிண்ட் செலவை மிச்சப்படுத்துவது. மற்றொன்று, கோட்டுக்கு முன் இடது தடத்தை மீட்பது: பேருந்துக்கு உள்வாங்கிய நிறுத்தம், ஷேர் ஆட்டோவுக்கும் கடைக்கும் தனி இடம், அறுபடாத சர்வீஸ் சாலை, நியாயமான தூரத்தில் யூ-டர்ன். பிறகு கோட்டைத் தாண்டுவோர் மீது எவ்வளவு அபராதம் விதித்தாலும் யாரும் ஆட்சேபிக்கப்போவதில்லை. இன்றைய நிலையில், கோட்டின்மேல் போகிறவரை ஓரம் கட்டச் சொல்லக்கூட ஓரம் இல்லை.

இப்படிக்கு,
ஜி.எஸ்.டி. சாலையைப் பயன்படுத்துவோர்