மச்சானும் புகைபோக்கியும்

நோர்வேயில் விறகடுப்புள்ள வீடு வாங்குகிறவனுக்கு ஒரு புகைபோக்கியும், அதைத் துப்புரவாக்குவது எப்படி என்று ஊரெல்லாம் சொல்லும் ஆலோசனையும் சேர்ந்தே கிடைக்கும். ஆலோசனை இலவசம். புகைபோக்கிக்கு மட்டும் கொம்யூன் (நகரசபை) கட்டணம் உண்டு. அந்தக் காசுக்குத் தீயணைப்புப் பிரிவிலிருந்து கறுத்த உடுப்போடு ஒருவர் வந்து கூரையில் ஏறி, குண்டு கட்டிய தூரிகையை மேலிருந்து இறக்கிக் கரியைத் தட்டிவிட்டுப் போவார்.

பேர்கனில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருக்கும் என் மச்சானுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை.

"உது என்ன பெரிய வேலை அத்தான்? தடியும் தூரிகையும் இருந்தால் நானே அரை மணித்தியாலத்தில முடிப்பன்."

"கட்டின காசைத் திருப்பித் தரமாட்டாங்கள்."

"காசை விடுங்கோ. இது மானப் பிரச்சினை."

பேர்கனில் மழை நிற்பதே அபூர்வம். இங்கே விறகு காய வைப்பது ஒரு தவம். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் விறகு ஒழுங்காக எரியும். இந்த நாட்டில் விறகு விளையாட்டான விஷயமல்ல. 2013 பெப்ரவரியில் என்.ஆர்.கே. தொலைக்காட்சி 12 மணி நேரம் விறகைப் பற்றியே ஒளிபரப்பியது. அதைப் பார்த்தவர்கள், அடுக்கும்போது மரப்பட்டை மேலே பார்க்க வேண்டுமா கீழே பார்க்க வேண்டுமா என்று சண்டை பிடித்தார்கள். மச்சான் அந்தச் சண்டையில் சேரவில்லை. பச்சை விறகைப் போட்டு, இரவில் காற்றுவழியை இறுக்கி மூடி, "விடியும்வரை தணல் நிற்குது பாருங்கோ" என்பார். தணல் நின்றது உண்மை. காற்றில்லாமல் புகைந்த அந்த விறகெல்லாம் தாராகிக் குழாய்க்குள் படிந்ததும் உண்மை.

அந்தத் தார் ஒருநாள் தீப்பிடித்தால் புகைபோக்கிக்குள் வெப்பம் 1,000 பாகையைத் தாண்டும். "மேலயிருந்து ரெண்டு வாளி தண்ணி ஊத்தினால் அணையாதோ?" என்று கேட்டார். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 லீற்றர் இடம் கேட்கும். பழுக்கச் சூடேறிய செங்கல்லும் வெடிக்கும். காற்றுவழியை மூடிவிட்டு 110க்கு அழைத்துவிட்டு வெளியே வருவதுதான் வழி என்றேன். அதில் வீரம் போதாதென்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது.

ஒரு சனிக்கிழமை, புகைபோக்கியைத் தானே துப்புரவாக்கப் போவதாகச் சொல்லி, ஏணி பிடிக்க என்னைக் கூப்பிட்டார். வாங்கி வந்திருந்தது உருக்குக் கம்பித் தூரிகை. அவருடைய பழைய செங்கல் புகைபோக்கிக்குள் துருப்பிடிக்காத உருக்குக் குழாய் இறக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிளாஸ்ரிக் தூரிகைதான் பொருத்தம், கம்பி என்றால் கீறிவிடும் என்று கீழே நின்று கத்தினேன். "இரும்புக்கு இரும்புதான் அத்தான்!" என்று மேலிருந்து பதில் வந்தது.

தடிகள் ஒன்றுக்குள் ஒன்று திருகிப் பூட்டுபவை. கடிகார முள் சுற்றும் பக்கம் மட்டுமே திருப்ப வேண்டும். மறுபக்கம் திருப்பினால் பூட்டு கழலும். மச்சான் தார் வரவில்லையே என்ற கோபத்தில் இரண்டு பக்கமும் திருப்பினார். தடி வந்தது. தூரிகை உள்ளேயே தங்கிவிட்டது.

இதற்கிடையில் அடுப்பின் காற்றுவழியை மூட யாரும் நினைக்கவில்லை. விழுந்த கரி வரவேற்பறைக்குள் விருந்தாளியாக வந்து, சுவரில் இருந்த பிள்ளையார், முருகன், இலட்சுமி மூவரையும் ஒரே நிறமாக்கியிருந்தது. மச்சான் வீட்டுத் தூசு உறிஞ்சியை எடுத்தார். கரித்தூள் அந்தப் பைக்கு அடங்காத நுண்மை. முன்பக்கம் உறிஞ்சியதை அது பின்பக்கத்தால் ஊதி, மிச்ச அறைகளுக்கும் பங்கிட்டுக் கொடுத்தது.

கடைசியில் அடுப்பு. அடுப்பையும் அதிலிருந்து புகைபோக்கிக்குப் போகும் குழாயையும் துப்புரவாக்குவது இங்கே உண்மையிலேயே வீட்டுக்காரன் பொறுப்பு. ஆகவே அதில் கைவைக்க அவருக்கு உரிமை இருந்தது. அடுப்பின் மேற்பகுதியில் புகையை வளைத்து அனுப்ப ஒரு வெர்மிகுலைற் பலகை இருக்கும். தேநீரில் தோய்த்த ரஸ்க்கைவிடக் கொஞ்சம்தான் உறுதி. இரண்டு கையாலும் மெல்ல உயர்த்தி, சரித்து, வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் குழாய்க்குள் தூரிகை விட வேண்டும். மச்சான் தடியால் ஒரு தட்டுத் தட்டினார். பலகை மூன்று துண்டாக வந்தது.

அந்த வீட்டில் அன்று சேதமில்லாமல் வேலை செய்தவர் மாமி ஒருவர்தான். பழைய பத்திரிகைத் தாளை நனைத்து, நுண்ணிய சாம்பலில் தொட்டு, ஆறிய கண்ணாடிக் கதவைச் சத்தமில்லாமல் துடைத்தார். ஊரில் சாம்பல் போட்டுப் பாத்திரம் துலக்கிய கை.

பிறகு கொம்யூன்காரர் வந்தார். தூரிகையை வெளியே எடுத்தார். கமராவை இறக்கி, கீறல்களை நீண்ட நேரம் பார்த்தார். "காய்ந்த விறகு, நிறையக் காற்று" என்று மட்டும் சொன்னார். நோர்வேஜியர் ஒருவர் இவ்வளவு பேசினால் அது திட்டு.

உங்கள் வீட்டுக்கும் அவர் வரும் நாளில் அடுப்பை மூட்டாதீர்கள். காற்றுவழியை மூடுங்கள், கூரைக்கு ஏணியை உறுதியாகப் பொருத்தி வையுங்கள். மச்சான் இருந்தால் அன்றைக்குக் கடைக்கு அனுப்பிவிடுங்கள்.