பிளான் சார்

போன மாதம் எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர் இறந்துபோனார். துக்கம் கேட்கப் போன இடத்தில் நாங்கள் எல்லோரும் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். பிளான் சார் மட்டும் டிவிக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு ரவுட்டர் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிஷம் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. இறந்தவரின் மகன் பக்கம் சாய்ந்து, "அப்பா எந்த பிளான்ல இருந்தார்?" என்று கேட்டார்.

"ஆயிரம் ரூபா பிளான்னு நினைக்கிறேன் அங்கிள்."

பிளான் சார் கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல மனுஷன். கடைசி வரைக்கும் ஏமாந்துட்டார்" என்றார். அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்திருந்த வெளியாட்களில் நிஜமாகவே மனம் கலங்கியவர் அவர் ஒருவர்தான்.

அவருக்குப் பெயர் உண்டு, வாசலில் பித்தளைப் பலகையும் உண்டு. ஆனாலும் வாட்ச்மேனிலிருந்து தண்ணீர் கேன் போடுகிற பையன் வரை எல்லாருக்கும் அவர் பிளான் சார்தான். தணிக்கைத் துறையில் 34 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் அடுத்த துறைக்காரர்களின் பில்லில் தப்பு கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது அந்தச் சேவையை எங்களுக்கு இலவசமாகச் செய்கிறார். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். இல்லை என்று தோன்றினால், வீட்டில் நெட் சரியில்லை என்று வாசலில் நின்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். வந்துவிடுவார்.

இது ஓய்வுக்குப் பிறகு வந்த வியாதி இல்லை. வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் காலத்தில் மொட்டை மாடியில் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு, "இப்ப தெரியுதா?" என்று கீழே பார்த்துக் கத்தியவர் அவர்தானாம். தெரிகிறது என்று பதில் வந்த பிறகும் இன்னும் கொஞ்சம் திருப்புவாராம். அதற்குள் பாட்டு முடிந்துவிடும் என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்கிறார். 2003 செப்டம்பரில், கட்டணச் சேனல் பார்க்க செட் டாப் பாக்ஸ் வேண்டும் என்று சென்னையில் திட்டம் வந்தபோது, வாங்கலாமா வேண்டாமா என்று எட்டுப் பக்கத்துக்குக் குறிப்பு எழுதினார். எழுதி முடிக்கும்வரை வீட்டில் தூர்தர்ஷன்தான். பிறகு கூரைக்குத் தட்டு வந்தது. புயல் வரப்போகிறது என்ற செய்தியை அதில் நன்றாகப் பார்க்கலாம். புயல் வந்துவிட்டதா என்று பார்க்க முடியாது. நாலு தூறல் விழுந்தாலே திரை இருண்டுவிடும்.

இன்டர்நெட் வந்த கதையும் இப்படித்தான். 2005இல் தொலைபேசி வயரிலேயே அகண்ட அலைவரிசை வந்துவிட்டது என்று வாங்கினார். 256 கேபிபிஎஸ். அன்றைய அரசுக் கொள்கைப்படி அதுதான் அகண்டது. பிற்பாடு அவர் பிடித்த பிளானில் இரவு இரண்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை இறக்குவதற்குக் கணக்குக் கிடையாது. விடுவாரா? ஒன்று ஐம்பத்தைந்துக்கு அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்தார். அப்படி மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு இறக்கிய படங்கள் இரண்டு ஹார்டு டிஸ்க் நிறைய இருக்கின்றன. ஒன்றைக்கூட அவர் பார்த்ததில்லை. பகலில் தூக்கம் வந்துவிடும்.

அவர் உச்சத்தில் இருந்தது 2019இல். பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும், நீங்களே தேர்ந்தெடுங்கள் என்று டிராய் சொன்ன வருஷம். பிப்ரவரி 1 முதல் அமல். நாட்டில் மற்றவர்களுக்கு அது தலைவலி. பிளான் சாருக்கு, நமக்கென்று ஒரு சட்டம் போட்டிருக்கிறார்களே என்று நெஞ்சு விம்மிவிட்டது. நீள நோட்டு ஒன்று வாங்கினார். அடிப்படைக் கட்டணம் 130, ஜிஎஸ்டி 18 சதம், ஆக 153 ரூபாய் 40 காசு, அதற்கு நூறு சேனல், ஹெச்டி ஒன்று எடுத்தால் இரண்டாகக் கணக்கு என்று எழுதி அடிக்கோடு போட்டார். 19 ரூபாய்க்கு மேல் விலை வைத்த சேனலைத் தொகுப்பில் சேர்க்க முடியாது என்று விதி இருந்ததால் முன்னணிச் சேனல்கள் பலவும் சரியாக 19 ரூபாயில் போய் உட்கார்ந்துகொண்டன. அதைக் கண்டுபிடித்துச் சொன்ன அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஊழலைப் பிடித்துவிட்ட முகம்.

எங்கள் மாடியில் எல்லா வீட்டுக்கும் பட்டியல் போட்டுக் கொடுத்தார். என் வீட்டுக்கு வந்து, "போஜ்புரி பாக்கறதுண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். டிக் அடித்தார். "குஜராத்தி?" இல்லை. இப்படி முக்கால் மணி நேரம். கடைசியில் நாங்கள் பார்ப்பது ஆறு சேனல் என்று தெரிந்து, "இத முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றார். பட்டியல் எல்லாம் முடிந்த பிறகு, மார்ச் 31 வரை அவகாசம் நீட்டிப்பு என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் காலை நோட்டோடு மறுபடி வந்து நின்றார். என் மனைவி நான் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்னாள், என்னையே.

இந்த வருஷம் அவர் வீட்டுக்கே ஃபைபர் இழுப்பது என்று முடிவாயிற்று. எது என்பது முடிவாக நாலு மாதம் பிடித்தது. எங்கள் கேட்டுக்கு வெளியே கலர் குடை நட்டு, மேஜை போட்டு, கழுத்தில் அட்டை மாட்டிய பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா, அவர்களுக்கு அது சோதனைக் காலம். தினமும் காலை வாக்கிங் முடித்ததும் நோட்டோடு வந்து நிற்பார்.

"499 ரூபா பிளான் எவ்வளவு தம்பி?"

"499தான் சார்."

"588 ரூபா 82 காசு. ஜிஎஸ்டிய உங்கப்பாவா கட்டுவார்? நூறு எம்பிபிஎஸ்ங்கறியே, ஒரு செகண்டுக்கு எவ்வளவு இறங்கும்?"

"நூறு எம்பி சார்."

"பன்னெண்டரை. எட்டால வகுக்கணும். மட்டையோட இருக்கற தேங்காயக் காமிச்சு உரிச்ச தேங்காய் விலை சொல்லக் கூடாது."

பையன் தலையைச் சொறிந்துகொண்டே, எல்லாம் அன்லிமிட்டெட்தான் என்று இழுத்தான். அந்தச் சொல்லுக்காகத்தான் அவர் காத்திருந்தார். நோட்டீஸின் அடியில் எறும்பு எழுத்தில் இருந்த நட்சத்திரக் குறியை விரலால் தட்டினார். 3300 ஜிபி தாண்டினால் வேகம் குறைக்கப்படும். ஆனால் அந்தப் பையனும் லேசுப்பட்டவன் இல்லை. "சார், ஹெச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு மூணு ஜிபின்னு வெச்சுக்கங்க. ஆயிரத்து நூறு மணி நேரம் வருது. மாசத்துக்கு மொத்தமே 720 மணி நேரம்தானே சார்? தூங்காமப் பாத்தாலும் தீராது."

சுற்றி நின்ற நாங்கள் எல்லோரும் பையன் ஜெயித்துவிட்டான் என்றே நினைத்தோம். பிளான் சார் ஒரு விநாடி மேலே பார்த்தார். "ரெண்டு டிவி இருந்தா 1440 மணி நேரம். அப்போ?" என்றார். மறுநாள் குடை வேறு தெருவுக்குப் போய்விட்டது.

கடைசியில் ஒரு கம்பெனி அகப்பட்டது. ஒரு வருஷப் பணத்தை முன்னாலேயே கட்டினால் மாட்டும் கூலி இலவசம், டிவி சேனலும் அதிலேயே வரும். பெயர் வேண்டாம். காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்ன ஆட்கள் சாயங்காலம் நாலரைக்கு வந்தார்கள். பத்து மணியிலிருந்தே பிளான் சார் சட்டை பேன்ட்டோடு உட்கார்ந்திருந்தார். சம்பந்தி வீட்டார் வருகிற மாதிரி மேஜையில் பிஸ்கட் தட்டு இருந்தது. நோட்டும் இருந்தது. சாட்சிக்கு நானும் இருந்தேன்.

வந்தது இரண்டு பேர். ஒருவன் தோளில் ஃபைபர் சுருள், இன்னொருவன் கையில் சிறிய பெட்டி. தெருவிளக்குக் கம்பத்திலிருந்து மாடி கைப்பிடிச் சுவர், அங்கிருந்து தண்ணீர்த் தொட்டி, தொட்டியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் இறங்கி ஏசி ஓட்டை வழியாக உள்ளே என்று வயர் வந்து சேர்ந்தது. பூஜை அறைச் சுவரில் டிரில் வைக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தது. அது பிளான் சார் மனைவியின் ஒரு பார்வையில் அடங்கியது. வயர் இறங்கிய பின்பக்கத்தில் ஏற்கெனவே பழைய கேபிளின் கறுப்பு வயர் தொங்கிக்கொண்டிருந்தது. "அத வெட்டி எறிஞ்சிடு தம்பி" என்றார் பிளான் சார். "துணி காயப்போட்டிருக்கேன், கிடக்கட்டும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. பையன் வெட்டவில்லை. இந்த வயரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஸ்பிளைசிங். நான் வேடிக்கை பார்த்தவற்றில் சொல்லத்தக்கது அது. "ஃபேன ஆஃப் பண்ணுங்க சார்" என்றான் பையன். வெளி உறையை உரித்து, உள் உறையை உரித்து, ஸ்பிரிட் தொட்ட டிஷ்யூவால் துடைத்தான். மிஞ்சியது கண்ணாடி இழை. 125 மைக்ரான், தலைமுடி கனம்தான். சிறிய கத்திப் பெட்டியில் வைத்து முனையை நறுக்கினான். அந்தத் துணுக்கு காலில் குத்தினால் கண்ணுக்கே தெரியாது என்று சொல்லி, ஒரு டப்பிக்குள் பத்திரமாகப் போட்டான். இரண்டு முனைகளையும் மிஷினில் படுக்க வைத்து மூடியதும் குட்டித் திரையில் அவை இரண்டும் ஒன்றையொன்று நெருங்கின. கொஞ்சம் கூச்சப்பட்ட மாதிரி நின்றன. ஒரு பொறி. ஒட்டிக்கொண்டன. பிளான் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மாங்கல்யதாரணம் பார்த்த முகம்.

அடுத்து பவர் மீட்டரைச் செருகினான். "மைனஸ் 19 சார். சூப்பர்."

"மைனஸா?" பிளான் சார் எழுந்துவிட்டார். "மைனஸ்னா பற்றாக்குறை இல்லையா?"

"இல்ல சார், மைனஸ்லதான் வரும். மைனஸ் 27ஐத் தாண்டினாத்தான் பிரச்சனை."

34 வருஷம் மைனஸைப் பிடித்தே பிழைத்தவரிடம் இப்படிச் சொல்லலாமா? நோட்டில் மைனஸ் 19 என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, பையனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ரவுட்டரை வீட்டின் நடுவில் வைக்க வேண்டும் என்று நோட்டில் இருந்தது. வீட்டின் நடுவில் இருந்தது சாப்பாட்டு மேஜை. அதனால் ஷோகேஸ் மேல் ஏறியது, தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மைக்குப் பக்கத்தில். பாஸ்வேர்டு பதினாறு எழுத்து. கோடை விடுமுறைக்கு வந்த பேரன் அதைக் கேட்டபோது, "கேப்பிடல் கே, ஸ்மால் எல், ஒன்னு இல்ல, எல், அப்புறம் டாலர்" என்று தொடங்கி முடிப்பதற்குள் குழந்தை மாடிக்கு விளையாடப் போய்விட்டது. தினமும் ஆறு தடவை ஸ்பீடு டெஸ்ட். நோட்டில் பத்தி பத்தியாக எண்கள். ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்றால் 94, சமையலறையில் 31. "ஐந்து கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டாது, ரெண்டரைதான் தாண்டும், ஆனா மெதுவா வரும்" என்று மனைவிக்கு விளக்கினார். அது 2.4. கணக்கில் அவர் விட்ட ஒரே பிசகு, நான் திருத்தவில்லை. அந்த அம்மா, "சாம்பாருக்கு அவ்வளவு ஸ்பீடு போதும்" என்றார்.

மூன்றாவது மாதம் தெருவில் எதற்கோ பள்ளம் தோண்டினார்கள். ரவுட்டரில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாகிவிட்டது. வெளிச்சம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். கம்பெனிக்குப் போன் போட்டார். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் குரல் நாற்பது நிமிஷம் பாட்டுக்கு நடுவில் சொல்லிக்கொண்டே இருந்தது. மூன்று நாள் நெட் இல்லை, கூடத்து டிவி இல்லை. ஆறுதல் சொல்லலாம் என்று மூன்றாம் நாள் ராத்திரி எட்டரைக்குப் போனேன். பின்னறையில் பழைய 21 அங்குலப் பெட்டியில் சீரியல் கணீரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"நெட் வந்துடுச்சா சார்?"

"வரல" என்றார் பிளான் சார். முகத்தில் கவலையே இல்லை, பெருமைதான் இருந்தது. "இதான் நான் எடுத்த பிளான். பஃபர்னு ஒண்ணு உண்டு, முன்கூட்டியே இறக்கி வெச்சுக்கும். மூணு நாளா ஓடுது பாருங்க! பிக்சர் க்ளாரிட்டியப் பாத்தீங்களா?"

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் சீரியலைப் பார்த்தார்.

மறுநாள் கேபிள்காரர்தான் படியில் வைத்து என்னிடம் சொன்னார். அந்த வீட்டு இணைப்பு துண்டிக்கப்படவே இல்லை. பிளான் சார் வாக்கிங் போகிற நேரமாகப் பார்த்து மாதம் ஐந்தாம் தேதி காலை ஆறரைக்கு அவர் படியேறுகிறார். அம்மா 250 ரூபாயை எடுத்துக் கொடுக்கிறார். கறுப்பு வயரில் இன்றைக்கும் இரண்டு துண்டும் ஒரு பனியனும் காய்கின்றன. வீட்டுச் செலவு நோட்டை மாதக் கடைசியில் பிளான் சார் வரிவரியாகத் தணிக்கை செய்வார் என்பதால் அந்த 250ஐ எப்படி எழுதுகிறீர்கள் என்று என் மனைவி கேட்டிருக்கிறாள். கீரை என்று எழுதுகிறாராம்.

அதில் மட்டும் அவர் இதுவரை கேள்விக்குறி போடவில்லை. போன வாரம் லிஃப்டில் பார்த்தபோது, கீரை ஏன் இப்படி விலை ஏறிவிட்டது என்று விசாரித்தார். எங்கள் தெருப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்களையும் கேட்பார். ஆமாம் சார், கட்டு அம்பது ரூபா விக்குது என்று சொல்லிவையுங்கள்.