தட்டையர், உருளையர், கூம்பர்: ஏர் ஃபில்டர் வடிவம் குறித்த ஓர் ஆராய்ச்சி

பெங்களூரு ஜே.சி. ரோட்டின் உதிரிபாகக் கடை வாசல்களில் நடக்கும் சமய வாதங்களில் தலையாயது ஏர் ஃபில்டரின் வடிவம் பற்றியது. கம்பெனி கொடுத்த கறுப்பு டப்பாவைக் கழற்றி வீசிவிட்டு, பிவிசி பைப்பும் ஹோஸ் கிளிப்பும் கொண்டு தாமே இன்டேக் செய்துகொள்ளும் அன்பர்கள் மூன்று மதத்தினர்: தட்டையர், உருளையர், கூம்பர். பிறர் மதத்தை முதலில் ஏற்று, பின்பு களைவதற்கு நன்னூலார் இடம் தந்திருக்கிறார். அந்தத் துணிவில் இறங்குகிறோம்.

உருளையர் கார்புரேட்டர் காலத்தவர். கார்புரேட்டரின் தலையில் வட்டத் தகர டப்பா, அதற்குள் வட்ட ஃபில்டர். அருகிவரும் சமயம், மறுத்து எழுதுவது அறமன்று.

கூம்பர் கட்சி வலுவானது. ஒரு பக்கம் பைப், மறு பக்கம் காற்று. இடம் குறைவு, மடிப்புகள் சுற்றிலும் இருப்பதால் பரப்பு அதிகம், ஒரே கிளிப்பில் வேலை முடிந்தது. "கோன் போட்டா பிக்கப் அள்ளும் சார்" என்பது அவர்களது மூல மந்திரம். ஏற்றுக்கொள்வோம். இனிக் களைவோம்.

மாருதி 800ஐ எடுத்துக்கொள்க. 796 சிசி, இரண்டு சுற்றுக்கு ஒரு முழு மூச்சு. நிமிடத்துக்கு 5,500 சுற்று ஓடினால், ஏட்டுக் கணக்கில் ஏறக்குறைய 2,190 லிட்டர் காற்று வேண்டும். அங்கே ஃபில்டரின் பரப்பு கொஞ்சம் பேசும். ஆனால் அந்த வேகத்தில் இன்ஜினை ஓட்ட சாலை எங்கே இருக்கிறது? சில்க் போர்டு சந்திப்பில் வண்டி ஐடிலிங்கில் நிற்கிறது. த்ராட்டில் கிட்டத்தட்ட மூடிக்கிடக்கிறது. இன்ஜின் இழுப்பது நூறு சொச்சம் லிட்டர். அந்த மூச்சுக்குக் கூம்பும் ஒன்றுதான், தட்டையும் ஒன்றுதான், நாலாய் மடித்த வேட்டியும் ஒன்றுதான்.

இதைவிடப் பெரிய இடர் வெப்பம். தட்டை ஃபில்டர் வைத்த கம்பெனி டப்பா, முன்பக்கத்திலிருந்து ஒரு குழாய் வழியே வெளிக்காற்றை இழுக்கிறது. திறந்த கூம்போ பானெட்டுக்குள் இன்ஜின் விட்ட அனலையே திருப்பிக் குடிக்கிறது. வெளியே 30 டிகிரி, உள்ளே 60 டிகிரி என்று வைத்தால் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். பெங்களூரு ஏற்கெனவே கடல்மட்டத்துக்கு 920 மீட்டர் மேலே இருப்பதால் காற்று மெலிந்த ஊர். இன்னுமொரு 9 சதவீதம் போனால் 1,900 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்துக் காற்று. சிக்மகளூர் பக்கம் இருக்கும், கர்நாடகத்தின் மிக உயர்ந்த சிகரமான முள்ளய்யனகிரி ஏறக்குறைய அந்த உயரம்தான். அதாவது, சிக்மகளூருக்குப் பெட்ரோல் செலவழிக்காமலே, பொம்மனஹள்ளி நெரிசலில் நின்றபடி, காரை மட்டும் மலையேற்றிவிடலாம். காட்சி கிடையாது.

பின் பிக்கப் அள்ளுவதாகத் தோன்றுவானேன்? மூச்சின் சத்தத்தை அமுக்குவதும் அந்தக் கறுப்பு டப்பாவின் வேலைகளில் ஒன்று. அதைக் கழற்றியதும் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதெல்லாம் ஒரு உறுமல் கேட்கிறது. காது கேட்டதைக் கால் நம்பிவிடுகிறது.

சூட்டைத் தவிர்க்கக் கூம்பைப் பம்பருக்குப் பின்னே தாழ இறக்கும் சீர்திருத்தக் கூம்பரும் உண்டு. அவர்கள் 2022 செப்டம்பரை நினைவுகூர வேண்டும். பெல்லந்தூர் பக்கம் வெள்ளம் சூழ்ந்தபோது, ஐடி ஊழியர்களை அலுவலகத்துக்கு ஏற்றிச் சென்றது டிராக்டர். டிராக்டர்களில் காற்று உள்ளே போகும் வாய் பானெட்டுக்கு மேலே, புழுதிக்கும் தண்ணீருக்கும் எட்டாமல், தொப்பி போட்டு நிற்பது வழக்கம். தாழ்ந்த கூம்பு தண்ணீரை உறிஞ்சினாலோ, தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

ஆகவே எமது துணிபு: குளிர்ந்த காற்று முதல், தண்ணீருக்கு எட்டாத உயரம் இரண்டு, பரப்பு மூன்று, வடிவம் இவற்றுக்கெல்லாம் பிறகு. வீட்டிலேயே செய்பவர்கள் பழைய டப்பாவைப் பழைய இரும்புக்காரரிடம் போடாமல், அதிலேயே புதிய தட்டை ஃபில்டர் ஒன்றை மாட்டிக்கொள்வது உத்தமம். கூம்புதான் வேண்டும் என்பவர்கள், சத்தத்துக்காகத்தான் வாங்குகிறேன் என்று கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு வாங்கவும்.