பூசணத்தோடு ஒரு சகவாசம்

புலிக்கு நாலு வருஷத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கிறது. யானைக்கு வழித்தடம் கேட்டு நீதிமன்றம் வரை போகிறார்கள். பறவை பார்க்கிறவர், சொந்த அத்தை பேரன் கல்யாணத்துக்குக்கூட வராமல் வேடந்தாங்கலில் கேமராவோடு உட்கார்ந்திருந்தாலும் ஊர் அவரை மதிக்கிறது. எனக்குப் பிடித்துப்போனதோ, ஓடைத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் சருகில் வளர்கிற பூஞ்சை.

"அதுக்கு எதுக்கு மலைக்குப் போகணும்? எலுமிச்சங்காய் ஊறுகாய்ல விரல் கனத்துக்குப் பூத்திருக்கு, வந்து பாருங்க" என்றாள் மனைவி. ஊறுகாயில் பூப்பது வேறு ஜாதி, ஓடையில் இருப்பது வேறு ஜாதி என்று விளக்க ஆரம்பித்தேன். "பூசணத்திலயுமா ஜாதி?" என்று மச்சினர் எழுந்து போய்விட்டார்.

போகட்டும். நீங்களாவது உட்காருங்கள். மலை ஓடை பெரும்பாலும் மரநிழலில் ஓடுவது. வெயில் விழாததால் பாசி அதிகம் வளராது. அங்கே வாழும் பூச்சிகளுக்குச் சாப்பாடு, மேலேயிருந்து விழும் இலைதான். ஆனால் விழுந்த கையோடு அதைத் தின்ன அவற்றுக்கு அவ்வளவு இஷ்டமில்லை. முதலில் பூஞ்சை வந்து இலைக்குள் இழை ஓட்டி, நொதிகளைச் சுரந்து, நாரைக் கரைத்து மெத்தென்று ஆக்கவேண்டும். கூடவே தன் உடம்பிலிருக்கும் சத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. பூஞ்சை பிடித்த இலையையும் பிடிக்காத இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஓடைப் பிராணிகள் பூஞ்சை பிடித்ததைத்தான் தேடிப் போகின்றன என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பிராணிகளை மீன் தின்கிறது. மீனை மீன்கொத்தி தின்கிறது. மீன்கொத்தியை நம் பறவை நண்பர் படம் எடுத்து முகநூலில் போட்டு லைக் வாங்குகிறார். பந்திக்கே சமைத்துப் போட்டவருக்கு மட்டும் ஒரு லைக் கிடையாது.

அந்தச் சமையல்காரரை உலகம் ஒழுங்காகக் கண்டுகொண்டது 1942-இல். இங்கிலாந்தின் லெஸ்டரில் தாவரவியல் கற்பித்துக்கொண்டிருந்த டெரன்ஸ் இங்கோல்டு, ஓடையில் அழுகும் ஆல்டர் மர இலைகளில் வளரும் பூஞ்சைகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். இரண்டாம் உலகப்போர் நடுவே, தேசமே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, ஒருவர் குனிந்து சருகைப் பார்த்திருக்கிறார். மனிதர் 104 வயது வரை வாழ்ந்தார் என்பதை எங்கள் வீட்டில் அடிக்கடி எடுத்துச் சொல்கிறேன்.

அவர் கண்ட பூஞ்சை வித்துகளில் பலவற்றுக்கு நாலு கை. நாலும் நாலு திசையில் நீட்டிக்கொண்டிருக்கும். காரணம் இல்லாமல் இல்லை. ஓடுகிற தண்ணீரில் உருண்டையாக இருந்தால் பிடி கிடைக்காமல் போய்க்கொண்டே இருக்கவேண்டியதுதான். நாலு கை இருந்தால், எப்படிப் புரண்டு வந்தாலும் மூன்று கை நுனிகள் இலைமேல் ஊன்றி ஒட்டிக்கொள்ளும். இந்த உருவத்தின் அருமை தெரிந்து, ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாத பூஞ்சை வம்சங்கள் தனித்தனியாக இதே நாலு கைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

இந்தக் கைகள் நீர்க்குமிழிகளிலும் மாட்டிக்கொள்ளும். அதனால் ஓடை விழுந்து புரளும் இடத்தில் தேங்கி நிற்கிற நுரையில் வித்துகள் குவிந்திருக்கும். ஆகவே வால்பாறைக்குக் குடும்பத்தோடு போனபோது, எல்லாரும் தேயிலைத் தோட்டத்தில் செல்ஃபி எடுக்க, நான் கரண்டியும் பாட்டிலுமாக ஓடையோரம் உட்கார்ந்தேன். வேன் டிரைவர் வந்தார்.

"என்ன சார் எடுக்கறீங்க?"

"நுரை."

"கெமிக்கல் கலந்துட்டானுங்களா? எந்தக் கம்பெனி சார்?"

"அதெல்லாம் இல்லப்பா. நல்ல நுரை."

"நல்ல நுரைன்னா அப்புறம் எதுக்கு சார் எடுக்கறீங்க?"

பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் விறகுக்கட்டோடு வந்த ஒரு பாட்டி நின்று, "மூட்டுவலிக்குக் கேக்குமா தம்பி?" என்றார். கேட்காது என்றேன். அவர் நம்பவில்லை. ரகசியத்தை மறைக்கிறேன் என்று நினைத்து, கொஞ்சம் அள்ளி முழங்காலில் தடவிக்கொண்டே போனார்.

அறைக்கு வந்து ஒரு சொட்டை ஃபோல்ட்ஸ்கோப்பில் வைத்தேன். மனு பிரகாஷ் என்ற விஞ்ஞானியின் குழுவினர் உருவாக்கிய காகித நுண்ணோக்கி அது. 140 மடங்கு பெரிதாக்கும், சட்டைப் பைக்குள் அடங்கும். கையெல்லாம் சேர்த்து மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலம் வருகிற வித்துக்கு அது தாராளம். மச்சினருக்கு அவருடைய கண்ணிமை மயிர் மட்டும் தெரிந்தது. மகள்தான் சரியாகப் பார்த்தாள். "அப்பா, பென்ஸ் கார் லோகோ மாதிரி இருக்கு!" நாலு கையில் ஒன்று நம்மைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால் மூன்றுதான் தெரியும். பென்ஸ் என்றதும் மச்சினர் இன்னொரு தடவை பார்க்க வரிசையில் நின்றார்.

ஓடையை விட்டுக் குட்டைக்கு வந்தால் கூத்து இன்னும் பெரிது. கொசுப்புழுவைக் கொல்லும் சீலோமோமைசஸ் என்ற பூஞ்சையை 1921-இல் மலாயாவிலிருந்து வந்த கொசுப்புழுக்களில் கண்டு கெய்லின் என்ற ஆய்வாளர் பெயர் வைத்தார். 1935-இல் எம்.ஓ.டி. ஐயங்கார் அனாஃபிலிஸ் புழுக்களிலிருந்து மேலும் இரண்டு இனங்களை விவரித்தார். சரி, இதை வளர்த்துக் குட்டையில் விட்டால் கொசு ஒழிந்தது என்று ஆசைப்பட்டவர்களுக்கு ஏமாற்றம்தான்; கொசுப்புழுவிலிருந்து எடுத்த பூஞ்சை இன்னொரு கொசுப்புழுவைத் தொடவே இல்லை. காரணம் 1974-இல்தான் தெரிந்தது. நடுவில் அது சைக்ளாப்ஸ் வகைச் சிற்றுயிரின் உடம்புக்குள் போய் வளர்ந்து, ஜோடி சேர்ந்து, பிறகுதான் கொசுப்புழுவிடம் திரும்பும். மாப்பிள்ளை வீடு எங்கே என்று கண்டுபிடிக்கவே அரை நூற்றாண்டு!

ஓடைப் பூஞ்சைக்கு நம் பக்கத்தில் ஆள் இல்லாமலும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சி.வி. சுப்பிரமணியன், ஓடைப் பூஞ்சைகள் சேர்ந்த ஹைஃபோமைசீட்டு வகையின் இந்திய இனங்களுக்கென்றே 1971-இல் தடித்த புத்தகம் ஒன்று எழுதினார். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளை மங்களூர் பல்கலைக்கழகத்தார் நெடுங்காலமாகத் துழாவி வருகிறார்கள். டிவியில் இவர்களைக் கூப்பிட்டு விவாதம் நடத்தி நான் பார்த்ததில்லை.

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு யாராவது குற்றாலம் மெயின் அருவிக்குக் கீழே நுரை அள்ளி எனக்குப் படம் அனுப்பாதீர்கள். அதில் இருப்பது சீயக்காயும் ஷாம்பூவும் எண்ணெயும். ஆள் குளிக்காத சின்ன ஓடையாகப் பார்த்து, பாறை இடுக்கில் பழுப்பேறித் தேங்கிய நுரையாக எடுங்கள். வனத்துறை போகாதே என்று பலகை வைத்த இடத்துக்குள் போகாதீர்கள். பாட்டிலில் நாள் தேதி எழுதி ஒட்டுங்கள். ஃபிரிட்ஜில் மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள்.