கேள்வி-பதில்: கடுகண்ணாவையில் இறங்குங்கள்

கே: கடுகண்ணாவையை ஏன் கண்டியின் வாசல் என்கிறார்கள்? (ஒரு மாணவி, மாவனல்லை)

ப: கொழும்பிலிருந்து ஏறிவரும் பாதை மலைநாட்டில் கால்வைப்பது அங்கேதான். உயரம் 500 மீற்றருக்குச் சற்று அதிகம். பெய்யும் மழையைக்கூட அந்த மேடு பங்குபோட்டுவிடும். மேற்குச் சரிவில் விழுந்தால் மகா ஓயா வழியே நீர்கொழும்புப் பக்கத்துக் கடல். கிழக்கில் விழுந்தால் மகாவலியோடு திருகோணமலை. போர்த்துக்கேயரும் பக்கத்துப் பலனைக் கோட்டை வழியாகத்தான் கண்டிக்கு ஏறப் பார்த்தார்கள்.

கே: கடுகண்ணாவைப் பாறையைக் குடைந்து பாதை போட்டதால்தான் கண்டி இராச்சியம் வீழ்ந்ததாமே? (கம்பளை வாசகர்)

ப: ஊர்க்கதை அப்படி. ஆண்டுக் கணக்கு வேறு. கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது 1815இல். ஆளுநர் பார்ன்ஸ் காலத்தில் பாதை வேலை தொடங்கியது 1820இல். வீழ்ச்சி முந்தியது, குடைந்தது பிந்தியது!

கே: கடுகண்ணாவையிலுள்ள டோசன் கோபுரம் யாருக்காக? (வத்தேகமை வாசகி)

ப: பாதையைத் திட்டமிட்ட பொறியியலாளர் கப்டன் டோசனுக்காக. அவர் 1829இல் கொழும்பில் இறந்தார். கோபுரம் எழுந்தது 1832இல். பாதை வேலைக்கு இராஜகாரிய முறையில் கண்டிக் கிராமத்தவர் கூலியில்லாமல் இழுத்துவரப்பட்டார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. அந்த இராஜகாரியம் ஒழிந்ததும் அதே 1832இல்தான். பிள்ளைகளுக்குக் கோபுரத்தைக் காட்டும்போது இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கே: கோச்சியில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? (கொழும்பு வாசகர்)

ப: கண்டிக்குப் போகும்போது வலப்பக்கம். றம்புக்கணை தாண்டியதும் 45 அடிக்கு ஓரடி என்று தண்டவாளம் ஏறும். நீராவிக் காலத்தில் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சின் வேண்டியிருந்தது. எதிரே பைபிள் பாறை நிமிர்ந்து நிற்கும். 1867இல் கோப்பிக்காகக் கண்டிவரை போட்ட பாதை அது. 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. பிறகு அதே தண்டவாளத்தில் தேயிலை இறங்கியது.

கே: அந்தப் பக்கம் தமிழுக்கு ஏதும் தடயம் உண்டா? (அட்டன் ஆசிரியர்)

ப: கல்லிலேயே உண்டு. அருகிலுள்ள கடலாதெனிய விகாரையை 1344இல் கட்டிய தலைமைச் சிற்பி கணேசுவராச்சாரி தென்னிந்தியர். லங்காதிலக விகாரைப் பாறையில் சிங்களமும் தமிழும் சேர்ந்தே வெட்டப்பட்டிருக்கின்றன. உங்கள் மாணவர்களை அழைத்துப்போய்க் காட்டுங்கள், சேர். பாடப்புத்தகத்தைவிட அந்தப் பாறை தெளிவாகப் பேசும்.

கே: பஸ் யன்னலில் மட்டுமே பார்த்த ஊர். இறங்கினால் என்ன கிடைக்கும்? (பேராதனை வாசகி)

ப: வாகனங்கள் இப்போது பாறைக்கு வெளியே போகின்றன, குடைந்த பாதைக்குள் நீங்கள் நடந்தே போகலாம். உள்ளே நின்று சுவரைத் தொட்டுப் பாருங்கள். பிறகு புகையிரத நூதனசாலை. நாட்டின் முதல் ரயில் ஓடிய 1864 டிசம்பர் 27இன் 150ஆவது ஆண்டு நிறைவில் திறந்தது. நானூறு ஆண்டாகப் படை, வண்டி, ரயில், பஸ் எல்லாம் கடந்துபோகும் ஊர் இது. அதற்கு நாம் ஒரு முழுநாளாவது கடன்பட்டிருக்கிறோம்.